மூடிய கையும் விரித்த விரல்களும்



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இதோ, என் கையில் ஓர் உறை. 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணை ஒரு தாளில் எழுதி, உள்ளே வைத்து, வீட்டிலேயே ஒட்டிக் கொண்டுவந்துவிட்டேன். தலைவர் ஐயா, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக உங்கள் கையெழுத்தைப் போட்டு, உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடியும்வரை நான் அதைத் தொடமாட்டேன். முன்வரிசையில் இடமிருந்து வலமாக ஆறு பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவருக்கு ஒரு புத்தகம் பரிசாகப் போகப்போகிறது. கதவோரம் நிற்கும் மகளே, 1 முதல் 6 வரை உனக்குப் பிடித்த ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்லம்மா. ஐந்தா? நல்லது, ஐந்து. எல்லோரும் கேட்டீர்கள். உறைக்குள் இருக்கும் எண்ணோடு இந்த ஐந்தைக் கூட்டுவோம். ஆறைத் தாண்டினால் ஆறைக் கழிப்போம். வருகிற எண் யாருடைய இருக்கையோ, அவருக்குப் புத்தகம்.

இன்று நான் பேச வந்த பொருள் அந்த உறைக்குள்தான் இருக்கிறது. பிளாக்செயின் என்னும் பொதுக் கணக்கேட்டின் மேல் நடக்கும் பந்தய ஆட்டங்கள் எப்படி இயங்குகின்றன? அவற்றில் நேர்மை எப்படிக் காக்கப்படுகிறது? அந்த நேர்மை எதுவரை வரும், எந்த இடத்தில் நின்றுவிடும்? இந்த மூன்று கேள்விகள்தான்.

நான் சூதாடுகிறவன் அல்ல. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். ஏன் இந்தப் பொருளை எடுத்தேன்? என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தான். நல்ல வேலையில் இருப்பவன். கையில் மடிக்கணினி. "சார், இதுல ஏமாத்தவே முடியாது சார். எல்லாம் கணக்கு சார். நீங்களே சரிபாருங்க" என்றான். அது ஒரு பகடை ஆட்டத் தளம். ஒவ்வொரு பந்தயமும் நேர்மையாகத்தான் நடந்தது என்று நிரூபித்துக் காட்டுவோம் என்று அந்தத் தளம் எழுதி வைத்திருந்தது. அவன் ஆடிய பந்தயங்களில் இருபதை எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இருபதும் சரியாக இருந்தன. ஒரு தவறும் இல்லை. ஆனால் அவன் நாற்பதாயிரம் ரூபாயை இழந்திருந்தான்.

கணக்கும் சரி, பணமும் போய்விட்டது. இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்? அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

முதலில், பழைய ஆட்டங்களில் எப்படித் திருடினார்கள் என்று பார்ப்போம். 1980 ஏப்ரல் 24. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரி. தொலைக்காட்சியில் நேரலையாக, எல்லோர் கண்முன்னாலும் குலுக்கல். மூன்று கண்ணாடி இயந்திரங்கள்; ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள். காற்று ஊதும், ஒரு பந்து மேலே வரும். அன்று வந்த எண் 666. பிறகுதான் தெரிந்தது: 4, 6 ஆகிய பந்துகளைத் தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் கொஞ்சம் பெயின்ட்டை ஏற்றி எடை கூட்டியிருந்தார்கள். கனத்த பந்து மேலே வராது. அப்படியானால் வரக்கூடிய எண்கள் எத்தனை? 4-ம் 6-ம் மூன்று இடங்களில். எட்டே எட்டு. அந்த எட்டையும் வாங்கி வைத்துவிட்டார்கள். சதியின் நடுநாயகம், குலுக்கலைத் தொகுத்து வழங்கிய அறிவிப்பாளர் நிக் பெர்ரி.

பந்தை நம்பக்கூடாது, கணினியை நம்பலாம் என்று நினைத்தார்களா? 2010 டிசம்பர் 29-ஆம் தேதி 'ஹாட் லோட்டோ' குலுக்கல் கணினியில் நடந்தது. பரிசு ஒரு கோடியே அறுபத்தைந்து லட்சம் டாலர். அந்தக் கணினி நிரலுக்குள் சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் ஊகிக்கக்கூடிய எண்கள் வரும்படி ஒருவர் சில வரிகளைச் சேர்த்திருந்தார். யார் அவர்? பல மாநிலங்களின் லாட்டரிகளுக்குக் குலுக்கல் நடத்திய அந்த அமைப்பின் கணினிப் பாதுகாப்பு அதிகாரி, எடி டிப்டன். களஞ்சியத்துக்குக் காவல் வைத்தவனிடமே சாவி. 2017-ல் அவருக்கு 25 ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது.

இரண்டு கதைகளிலும் என்ன பொது? குலுக்குகிறவனை மக்கள் நம்பவேண்டியிருந்தது. குலுக்கும் இடம் மூடியிருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் மண்டபம் ஒன்றுக்குப் போய்வர அனுமதி கொடுங்கள். உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள். சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறை. 'சோழர் கால ஜனநாயகம்' என்று பெருமையாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கல்வெட்டை ஒரு கணக்கு வாத்தியாராகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு திருட்டை அடைக்கும் பூட்டு.

குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடிக்கவேண்டும். ஏன்? உள்ளே ஏற்கெனவே எதையும் போட்டு வைக்கக்கூடாது. ஓலையை எடுப்பவன், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். ஏன்? அவனுக்குச் சார்பு இருக்கக்கூடாது. ஒரு கட்டு ஓலையை எடுத்தபின் அதை அவிழ்த்து, வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கவேண்டும். ஏன்? முதல் குடத்தில் யாராவது வேலை செய்திருந்தாலும் அது இரண்டாவதில் செல்லக்கூடாது. இப்போது சொல்கிறேன், என் மனத்தை அள்ளிய வரியை. ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். ஐந்து விரல்களையும் விரித்து! விரல்களுக்கு நடுவே வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிட முடியாதல்லவா? அதோடு விடவில்லை. அவன் வாசித்த ஓலையை அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் வாங்கி வாசிக்கவேண்டும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய விதி இது. குலுக்குகிறவன் நல்லவன் என்று அந்தச் சபை நம்பவில்லை. அவன் கெட்டவனாகவே இருந்தாலும் கெடுக்க முடியாதபடி விதி செய்தது. பிளாக்செயின் ஆட்டத்தை வடிவமைப்பவர்கள் இன்று தேடிக்கொண்டிருப்பதும் இதே ஒன்றைத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். உத்திரமேரூரில் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிகாகோவிலும் இருந்தால்? குடத்தை யார் பார்ப்பது? விரலை யார் பார்ப்பது?

சின்ன வயதில் ஒத்தையா ரெட்டையா ஆடியிருப்பீர்கள். ஒருவன் கைப்பிடிக்குள் புளியங்கொட்டைகளை அள்ளி மூடிக்கொள்வான். மற்றவன் ஒத்தையா ரெட்டையா என்று சொல்வான். பிறகு கை திறக்கும். இந்த ஆட்டம் ஏன் நியாயமாக நடக்கிறது? மூடிய கையால்தான். கை மூடியபின் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. கை திறக்கும்வரை உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியாது. சரி, இதே ஆட்டத்தைத் தொலைபேசியில் ஆடுங்கள் பார்ப்போம். நீங்கள் "ஒத்தை" என்கிறீர்கள். நான் மறுமுனையில் என்ன செய்வேன்? ஒரு கொட்டையைக் கீழே போட்டுவிட்டு "ரெட்டை, தோத்துட்டே" என்பேன். தொலைபேசியில் கை தெரியாது.

1981-ல் மானுவல் புளூம் என்ற கணினி அறிஞர் இந்தக் கேள்வியை எடுத்தார். விவாகரத்தான கணவனும் மனைவியும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்று தொலைபேசியில் காசு சுண்டித் தீர்மானிக்கவேண்டும். ஒருவர் மேல் ஒருவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. முடியுமா? முடியும் என்று காட்டினார். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கிய எண்ணைத் திரும்பப் பிரிப்பது மகா கடினம் என்ற உண்மையை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகவே ஒரு மூடிய கையை உருவாக்கினார்.

இன்று அந்த மூடிய கைக்குப் பெயர் ஹேஷ். மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாயையும் மல்லியையும் போட்டால் தூள் வரும். தூளைப் போட்டு மிளகாயைத் திரும்ப வாங்க முடியுமா? எஸ்எச்ஏ-256 என்பது அப்படி ஒரு மில். உள்ளே ஒரு சொல் போட்டாலும், ஒரு முழு நூலைப் போட்டாலும் வெளியே வருவது 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறி. அதே சொல்லைப் போட்டால் என்றும் அதே குறி. ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் குறி முழுவதும் மாறிவிடும். குறியைப் பார்த்து உள்ளே போட்டதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதே குறியைத் தரும் வேறு சொல்லைத் தேடிப் பிடிக்கவும் இதுவரை ஒருவராலும் முடியவில்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள். 1 முதல் 6 வரை ஓர் எண்ணை மட்டும் அரைத்துக் குறியை உங்களிடம் கொடுத்தேன் என்றால் என்ன செய்வீர்கள்? ஆறு எண்களையும் நீங்களே அரைத்து, எது பொருந்துகிறது என்று பார்த்துவிடுவீர்கள். கைப்பிடிக்கு நடுவே இடுக்கு இருக்கிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் எண்ணோடு யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட ஒரு சொல்லையும் சேர்த்து அரைக்கிறார்கள். அந்த ரகசியச் சொல்லைத் தொழிலில் 'விதை' என்கிறார்கள்.

இனி ஆட்டத்துக்குள் போவோம். 2012 ஏப்ரலில் எரிக் வூர்ஹீஸ் என்பவர் 'சதோஷி டைஸ்' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். பிட்காயின் பிறந்து அப்போது மூன்று வருடம்தான். கணக்குத் திறக்கவேண்டாம், பெயர் சொல்லவேண்டாம். சில பிட்காயின் முகவரிகளை அறிவித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் '1டைஸ்' என்று தொடங்கும். ஒரு முகவரி, வரும் எண் 32000-க்குக் குறைவாக இருந்தால் வெற்றி. இன்னொரு முகவரி, 16000-க்குக் குறைவாக இருந்தால் வெற்றி. 0 முதல் 65535 வரை ஏதோ ஓர் எண் வரும். நீங்கள் அந்த முகவரிக்குப் பணம் அனுப்பினால் அதுவே பந்தயம். வென்றால் பணம் தானாகத் திரும்பி வரும். தோற்றாலும் மிகச் சிறு தொகை வரும், தோற்றாய் என்று தெரிவிப்பதற்காக. ஒரு காலத்தில் பிட்காயின் கணக்கேட்டில் பதிவான பரிமாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் ஆட்டத்துடையவை. 2013 ஜூலையில் அதை 1,26,315 பிட்காயினுக்கு விற்றார்கள்.

அந்த எண் எப்படி வந்தது? இங்கேதான் மூடிய கை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ரகசியச் சொல். அதை அரைத்த குறியை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டார்கள். நீங்கள் பணம் அனுப்பும்போது அந்தப் பரிமாற்றத்துக்கு ஓர் அடையாள எண் உண்டாகும். அது உங்கள் பக்கத்திலிருந்து வருவது. ரகசியச் சொல்லையும் உங்கள் அடையாள எண்ணையும் சேர்த்து அரைத்து, வந்த குறியின் முதல் சில எழுத்துகளை எண்ணாக மாற்றினால் அதிர்ஷ்ட எண். நாள் கழிந்தபின் ரகசியச் சொல்லை வெளியிடுவார்கள். நீங்கள் அதை அரைத்துப் பார்க்கலாம். முன்பு கொடுத்த குறி வருகிறதா? வந்தால் கையில் இருந்த புளியங்கொட்டை மாறவில்லை.

நான் தலைவரிடம் கொடுத்த உறை, அந்த ரகசியச் சொல். மகள் சொன்ன ஐந்து, உங்கள் பக்கத்து எண். நான் முதலில் கையை மூடினேன். பிறகு அவள் பேசினாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. என் உறைக்குள் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே முடிவை இருவராலும் வளைக்க முடியாது. சரிதானே?

சரியில்லை. நான் பேசிக்கொண்டே வந்துவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது யார்? நான்தான். அவள் என் அக்காள் மகளாக இருந்தால்? வரும் வழியிலேயே "ஐந்து என்று சொல்லிவிடு" என்று நான் சொல்லி வைத்திருந்தால்? கையெழுத்தும் உறையும் அப்படியே இருக்கும், குலுக்கல் மட்டும் பொய்யாகிவிடும். இன்றைய பகடைத் தளங்களில் மூன்று பொருள் சேர்ந்து அரைபடுகின்றன: தளத்தின் விதை, ஆடுகிறவரின் விதை, எத்தனையாவது பந்தயம் என்ற வரிசை எண். ஆடுகிறவரின் விதையை அவரே, தளத்தின் குறியைப் பார்த்தபின், தன் கையால் மாற்றிக்கொள்ளவேண்டும். எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? பெரும்பாலும் தளமே ஒரு விதையை நிரப்பி வைத்திருக்கும். ஆடுகிறவர் அதைத் தொடுவதே இல்லை. தளமே கையை மூடி, தளமே ஒத்தை ரெட்டை சொல்லிக்கொள்வதற்கு இது சமம். நிரூபணம் என்ற பலகை மட்டும் மேலே தொங்கும்.

ஆகையால் இப்போது, நான் கைகாட்டாமல், யாராவது ஒருவர் இன்னோர் எண் சொல்லுங்கள். ஐயா, மூன்றாவது வரிசையில் எழுந்தவரே... இரண்டா? நன்றி. ஐந்தோடு இரண்டையும் சேர்த்துக்கொள்வோம்.

சதோஷி டைஸ் வகையில் இன்னொரு குறையும் உண்டு. அன்றைய ரகசியச் சொல் உள்ளே வேலை செய்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் வெல்லும் அடையாள எண் கிடைக்கும்வரை பரிமாற்றங்களைத் தயாரித்துப் பார்த்து, கிடைத்ததை மட்டும் அனுப்பலாம். அது ஆடுகிறவரை ஏமாற்றாது, ஆட்டத்தில் பங்கு வாங்கியவர்களை ஏமாற்றும். அடுத்தது, ரகசியச் சொல்லை வெளியிட்டால் மட்டும் போதுமா? வென்ற பணத்தைத் தராமல் போனால்? கையைத் திறந்து காட்டிவிட்டு, கொட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடினால்?

இதற்கு மருந்தாக வந்ததுதான் எத்தீரியம். 2015 ஜூலையில் தொடங்கியது. அதன் கணக்கேட்டில் பணத்தை மட்டுமல்ல, நிரலையும் எழுதி வைக்கலாம். அதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்கிறார்கள். பந்தயப் பணமும் பரிசுப் பணமும் அந்த நிரலின் பொறுப்பில் இருக்கும். நிபந்தனை நிறைவேறினால் பணம் தானாக வெளியேறும். நடத்துகிறவர் மனம் மாறினாலும் தடுக்க முடியாது. நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் கருத்தில் இந்தத் துறையின் உண்மையான சாதனை இதுதான்: தருகிறேன் என்று சொன்னவன் தந்தே தீரவேண்டும்.

ஆனால் பாருங்கள், ஒரு நோய்க்கு மருந்து கண்டால் இன்னொரு நோய் வந்து நிற்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கும் ஏட்டில் ரகசியம் எங்கே வைப்பது? கைப்பிடியே கண்ணாடியால் ஆனது. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நிரலை ஓட்டி ஒரே விடையைப் பெறவேண்டும். அப்படியானால் அங்கே பகடை உருட்ட முடியுமா? ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு முகம் விழுந்தால் ஏடே கிழிந்துவிடும். ஆகவே ஆரம்பத்தில் பலர் குறுக்குவழியில் போனார்கள். ஏட்டின் பக்கத்துக்கு 'பிளாக்' என்று பெயர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஹேஷ் குறி உண்டு. அந்தக் குறியையே பகடையாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் எத்தனை ஓட்டை! பக்கத்தை எழுதுகிறவர் தனக்குப் பாதகமான குறி வந்தால் அந்தப் பக்கத்தை வெளியிடாமல் கிழித்துப் போட்டுவிடலாம். ஆடுகிறவர் தானும் ஒரு நிரலை எழுதி, அதே பக்கத்தின் தகவலை வைத்து முன்கூட்டியே கணக்குப் போட்டு, வெல்வதாக இருந்தால் மட்டும் ஆடலாம்.

2017 அக்டோபரில் 'ஸ்மார்ட்பில்லியன்ஸ்' என்ற லாட்டரிக்காரர்கள் சவால் விட்டார்கள். எங்கள் நிரலை உடைக்க முடிந்தால் உடையுங்கள் என்று, எத்தீரிய நாணயமான ஈத்தரில் 1500-ஐ உள்ளே வைத்தார்கள். என்ன நடந்தது? எத்தீரிய நிரலால் அப்போது கடைசி 256 பக்கங்களின் குறியைத்தான் திரும்பிப் பார்க்க முடிந்தது. அதற்கும் பழைய பக்கத்தைக் கேட்டால் பூஜ்யம் என்று பதில் வரும். ஒருவர் பந்தயம் கட்டிவிட்டு, அவசரப்படாமல், 256 பக்கங்கள் புரளும்வரை காத்திருந்தார். ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு வந்து பரிசைக் கேட்டார். நிரல் குறியைத் தேடியது, பூஜ்யம் கிடைத்தது. வெல்லும் எண் என்ன என்று அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. 400 ஈத்தர் போனது. நிரல் பொய் சொல்லவில்லை. எழுதியபடியே நடந்தது. எழுதியவர்தான் அந்த ஒரு வரியை யோசிக்கவில்லை.

2018-ல் 'ஃபோமோ 3டி' வந்தது. பகடையே வேண்டாம், எளிய விதி. ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். யாராவது ஒரு சாவி வாங்கினால் அரை நிமிடம் கூடும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாகச் சாவி வாங்கியவருக்குப் பெரும் பரிசு. இதில் எங்கே ஏமாற்றுவது? ஆகஸ்டில் ஒருவர் கடைசிச் சாவியை வாங்கினார். வாங்கிய கையோடு, மிக அதிகக் கட்டணம் கொடுத்து, ஏட்டின் அடுத்தடுத்த பக்கங்களையெல்லாம் தன் வெற்றுப் பரிமாற்றங்களால் நிரப்பினார். மற்றவர்கள் சாவி வாங்கத் துடித்தும் பக்கத்தில் இடமில்லை. கடிகாரம் நின்றது. 10,469 ஈத்தர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய முப்பது லட்சம் டாலர். குடத்தில் கைவைக்கவில்லை, ஓலையை மாற்றவில்லை. மண்டபத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இந்த அடிகளிலிருந்து துறை கற்றுக்கொண்டது. இன்று சீட்டெடுக்கும் வேலையைத் தனியே பிரித்துவிட்டார்கள். வெளியே ஒரு கணினி, தன் ரகசியச் சாவியால் ஒரு சீரற்ற எண்ணை உண்டாக்கும். அதோடு, இந்தச் சாவியால்தான் இந்த எண் வந்தது, வேறு எண் வந்திருக்க முடியாது என்ற சான்றையும் அனுப்பும். நிரல் சான்றைச் சரிபார்த்தபின்தான் எண்ணை ஏற்கும். செயின்லிங்க் நிறுவனத்தின் விஆர்எஃப் சேவை 2020 முதல் இப்படி நடக்கிறது. இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடித்தது. 2019-ல் சில நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'டிராண்ட்' என்ற பொதுக் குலுக்கலைத் தொடங்கின. சாவியைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். போதிய பேர் சேர்ந்தால்தான் அடுத்த எண் பிறக்கும். ஒன்றிரண்டு பேர் கெட்டுப்போனாலும் எண்ணை முன்கூட்டி அறிய முடியாது. அதில் சேர்ந்த சிலி பல்கலைக்கழகம் சீரற்ற தன்மைக்காக நில அதிர்வுக் கருவிகளின் அளவீடுகளையும் பயன்படுத்துகிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் மெழுகுக் குமிழ்கள் மிதக்கும் விளக்குகளைச் சுவர் நிறைய அடுக்கி, கேமராவால் படமெடுத்து அதிலிருந்து எண் எடுக்கிறது. பூமி நடுங்குவதையும் மெழுகு உருளுவதையும் யார் லஞ்சம் கொடுத்து மாற்றுவது? உத்திரமேரூர் நம்பிமார் எல்லோரும் ஓலையை வாசித்தது என் நினைவுக்கு வருகிறது.

ஓர் எல்லையை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். பகடையின் விடையை ஏட்டுக்குள்ளேயே சரிபார்த்துவிடலாம். தேர்தலில் யார் வென்றார், ஒப்பந்தம் கையெழுத்தானதா என்ற பந்தயங்களின் விடை வெளி உலகத்தில் இருக்கிறது. ஏட்டுக்குக் கண் இல்லை. யாராவது சாட்சி சொல்லவேண்டும். 'பாலிமார்க்கெட்' தளத்தில் சர்ச்சையான விடைகளை 'உமா' என்ற டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துத் தீர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் உக்ரைன் கனிம ஒப்பந்தம் பற்றிய பந்தயத்தில், ஒப்பந்தமே ஆகாத நிலையில் 'ஆம்' என்று தீர்ப்பு வந்தது. டோக்கன்களைப் பெருமளவில் வைத்திருந்த ஒருவரிடம் மட்டும் வாக்குகளில் ஏறக்குறைய கால் பங்கு இருந்தது. எண்ணிய கணக்கில் பிழையில்லை. சாட்சி கோணல்.

இனி என் மாணவனிடம் திரும்புவோம். அவன் விஷயத்தில் பகடை நேர்மையானது. விதையை அவன் தானே மாற்றியிருந்தான். நல்ல பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் போகவில்லை. பிறகு எங்கே போனது நாற்பதாயிரம்?

அந்தத் தளம் நடத்துபவரின் பங்கு ஒரு சதவீதம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. சதோஷி டைஸில் அது ஏறக்குறைய 1.9 சதவீதம். கேசினோவில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 2.7 சதவீதம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக ஒரு ரூபாய். டீ விலைகூட இல்லை. ஆனால் அவன் நூறு ரூபாயை எத்தனை முறை வைத்தான்? தளத்தில் தானியங்கிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் பந்தயம் தானாகத் தொடரும். நொடிக்கு ஒன்று என்று வையுங்கள். பதினோரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் பந்தயம். நாற்பதாயிரம் முறை நூறு ரூபாய் என்றால் நாற்பது லட்சம். அதில் ஒரு சதவீதம்?

நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அவன் கண் முன்னால் ஒரு நேரத்தில் இருந்தது நூறு ரூபாய்தான். நாற்பது லட்சம் கைமாறியது அவனுக்குத் தெரியவே இல்லை. வென்றதையே திரும்பத் திரும்ப வைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு சதவீதம் ஊசித் துளை வழியே தண்ணீர் போல ஒழுகியது. நேர்மையான பகடை என்பதால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பலித்தது. கள்ளப் பகடையாக இருந்தால் இடையிலேயே சந்தேகப்பட்டு எழுந்திருப்பான். நிரூபணம் இருந்ததால் உட்கார்ந்திருந்தான். எனக்கு மனம் பொறுக்காத இடம் அதுதான். ஏமாற்றவில்லை என்பதற்குக் கொடுத்த சான்றிதழை அவன், தோற்கமாட்டாய் என்ற சான்றிதழாகப் படித்துவிட்டான். அந்தத் தளம் அப்படிப் படிக்கவிட்டது.

தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இந்தத் தளங்களோ எந்த ஊரில் இருக்கின்றன என்றே தெரியாது. பணம் வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவான்? நிரலில் பிழை என்றால் யார் மேல் வழக்குப் போடுவான்? ஆகவே பிள்ளைகளே, இந்தக் கணிதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆசையோடு கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுமனை ஒதுக்கீட்டுக் குலுக்கலுக்கு, பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலுக்கு, எங்கெல்லாம் ஓர் ஏழைக் குடும்பம் பூட்டிய அறைக்குள் நடக்கும் சீட்டெடுப்பை நம்பி வெளியே காத்திருக்கிறதோ அங்கெல்லாம் இது வேண்டும். கையை முதலில் மூடிக் குறியைக் கொடுங்கள், மக்களிடம் எண் வாங்குங்கள், பிறகு திறந்து காட்டுங்கள் என்று அதிகாரிகளிடம் கேளுங்கள்.

சரி, நம் குலுக்கல் பாக்கி இருக்கிறது. தலைவர் ஐயா, உறையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டுங்கள். உங்கள் கையெழுத்து கிழியாமல் இருக்கிறதா? இருக்கிறது. இப்போது பிரியுங்கள். உள்ளே என்ன? நான்கு. நான்கும் ஐந்தும் ஒன்பது. மூன்றாவது வரிசை ஐயாவின் இரண்டையும் சேர்த்தால் பதினொன்று. ஆறு போக ஐந்து. இடமிருந்து ஐந்தாவது இருக்கை, எழுந்து வாருங்கள் அம்மா.

புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளையும் உறையையும் முன்வரிசையிலிருந்து கதவுவரை கைமாற்றுங்கள். ஒவ்வொருவரும் வாசியுங்கள். அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்.